நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும், குழந்தைக்குப் பல் முளைக்கிற தொந்தரவு தீர்ந்து ராத்திரி உங்களைத் தூங்க விட்டிருக்க வேண்டும். நாங்களும் இங்கே அப்படியே என்று அடுத்த வரியை எழுதுவதுதான் வழக்கம், எழுதவும் எழுதினேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எடுத்திருக்கிறேன். உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. காய்ச்சல், கால்வலி என்று சொல்லக்கூடிய உடம்பு இல்லை, மறதி நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வருஷம் நீ போனில் சொன்னாயே, அம்மா ஒரே பேச்சுக்குள் மூன்று தடவை குழந்தைக்கு ஜுரம் விட்டதா என்று கேட்டாள், குழந்தைக்கு ஜுரமே வரவில்லை என்று, அன்றைக்கு நான் உன் மேல் எரிந்து விழுந்தேன். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பெற்றவளைக் குறை சொல்லாதே, உன் பெரிய கடைப் புகார் மேஜையில் நாள் முழுக்கப் புகார் கேட்டுக் கேட்டு உனக்கு எல்லாமே புகாராகத் தெரிகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நீ அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாய், நான் எடுத்தால் அம்மாவிடம் குடுங்க என்கிறாய். நீ சொன்னதுதான் சரி, நான் பேசியதுதான் தப்பு. இதை வாயால் சொல்ல எனக்கு வராது, அது உனக்கே தெரியும், அதனால்தான் இந்தக் கடிதம். நீ சீக்கிரம் ஒரு தடவை வரவேண்டும். ஏன் என்று சொல்கிறேன், எனக்கு வசதியாக நடுவில் எதையும் முழுங்காமல் சொல்கிறேன்.

நம் கடையில் வேலை எப்படி நடக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீ செருப்பைப் போட்டுப் பார்க்கிற அந்தச் சாய்ந்த கண்ணாடிக்கு முன்னால் தவழ்ந்தவள்தான். வெளித் தட்டில் இடது கால் மட்டும்தான் வைப்போம், வலது காலெல்லாம் உள் அறையில் கூரை வரைக்கும் அடுக்கிய பெட்டிகளில் இருக்கும். ஒற்றைச் செருப்பை எவனும் தூக்கிக்கொண்டு ஓட மாட்டான் என்பது என் தந்திரம், அந்தத் தந்திரத்தைச் சுமந்தவள் உன் அம்மா. வாடிக்கையாளர் இடதைத் தொட்டால் போதும், அவள் உள்ளே போய் ஏணியில்கூட ஏறாமல் கையை நீட்டி வலதை உருவிக்கொண்டு வருவாள். ஒருத்தர் நாலு ஜோடியைப் போட்டுப் பார்த்துத் தரையில் கழற்றிப் போட்டிருந்தாலும், வாங்கியதை மட்டும் பொறுக்கி ஜோடி சேர்த்து மெல்லிய தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்து மூடுவது அவள்தான். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு பெட்டி மாறியதில்லை. நீ பிறந்த வாரம் மட்டும் நான் சேர்த்தேன், அந்த ஒரு வாரத்திலேயே மூன்று பேர் வந்து என்னைத் திட்டினார்கள். அதனால் எனக்கு அவள் கையின் மேல் ஒரு கர்வம். என் சாமர்த்தியத்தைக்கூட நான் அவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் ஒருவன் வந்தானே, ஜோடியில் ஒன்றை நாய் கடித்துவிட்டதென்று, அதற்குப் பதில் பழைய ஒன்றைப் பாலிஷ் போட்டு மினுக்கிப் புதுப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து, நீங்க மாத்திக் குடுத்துட்டீங்க சார் என்று அழமாட்டாத குறையாகச் சொல்லிப் புது ஜோடி வாங்கிப் போனான். அவன் தெருமுனையில் கூட்டாளியிடம் நாய்க் கதையைச் சொல்லிச் சிரித்ததை நம் எதிர்க்கடை வாட்ச் ரிப்பேர்க்காரர் கேட்டு வந்து சொன்னார். அடுத்த வாரமே பலகை எழுதி மாட்டினேன், கடையை விட்டுப் போனபின் சொல்லும் குறைகள் ஏற்கப்படமாட்டாது என்று. ஒரு கறுப்பு நோட்டும் போட்டேன், திரும்பக் கொண்டுவருகிறவர்களின் பெயர், போன் நம்பர், தேதி, என்ன கதை சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் எழுதுவேன், மறுபடி வந்தால் முகத்தில் அடித்தாற்போல் சொல்லலாம் என்று. நீ அதைப் பார்த்துவிட்டு, எங்க கடையில முதல்ல சாமானப் பாப்போம், அப்புறம்தாம்ப்பா ஆளப் பாப்போம் என்று சொன்னாய். பெரிய கடைக்கு அதெல்லாம் சரிப்படும், எனக்குக் கட்டாது என்று நான் கேலி செய்தேன்.

போன வருஷ நடுவிலிருந்து திரும்பி வருகிறவர்கள் அதிகமானார்கள். ஒருத்தருக்கு ஒரு கால் ஏழாம் நம்பர், ஒரு கால் எட்டு. ஒருத்தருக்கு ஒன்று கறுப்பு, ஒன்று அடர்ந்த காப்பிக்கொட்டை நிறம், வீட்டு விளக்கில் தெரியவில்லை, வெயிலில் போன பிறகுதான் ஆபீஸில் சிரித்தார்களாம். டாக்சி ஓட்டுகிறவர் ஒருவர், எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பாரே அவர்தான், அவரும் ஏழும் எட்டுமான ஒரு ஜோடியோடு வந்தார். எனக்கு உடனே என்ன தோன்றியது தெரியுமா, ஊரில் ஒரு கும்பல் கிளம்பியிருக்கிறது, ஒருத்தர் சொல்லிக் கொடுத்து இன்னொருத்தர் வருகிறார் என்று. எல்லோரும் ஒரே மாதிரிப் புகார் சொன்னால் நம் பக்கம் ஏதோ இருக்கிறது என்று நினைக்க வேண்டியவன், எல்லோரும் ஒரே மாதிரிப் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். இதிலே பெரிய கொடுமை என்னவென்றால், செருப்புக்கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தெரிகிற விஷயம் ஒன்று உண்டு. நம் பக்கம் மாறியிருந்தால் அதனுடைய மற்ற பாதி நம்மிடம்தான் இருக்கும். அவருக்கு ஏழும் எட்டுமாகப் போயிருந்தால், உள்ளே இன்னொரு ஏழும் எட்டும் ஜோடியில்லாமல் கிடக்கும். பத்தடி நடந்து உள் அறைக்குப் போய்ப் பார்த்தால் உண்மை எது பொய் எது என்று ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. நாலு பேர் முன்னால் நான் எழுந்து உள்ளே போனால் அவளைச் சந்தேகப்பட்டதாக ஆகும் என்று நினைத்தேன். அங்கேயே உட்கார்ந்துகொண்டு, நீ சரியாத்தானே வெச்சே என்று கேட்பேன், அவள் வெச்சேனே என்பாள், அவ்வளவுதான் என் விசாரணை. அவள் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. அதுகூட எனக்குக் கேட்கவில்லை.

கடைசியாக வந்தவர் மருந்துக்கடை அம்மா. நம் வரிசையில் ஆறு கடை தள்ளி, நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவர், வருஷத்துக்கு ஒரு ஜோடி நம்மிடம்தான் வாங்குவார். பெட்டியைத் திறந்து காட்டினார், இரண்டுமே இடது கால். கூட்டம் குறையட்டும் என்று ஓரமாகக் காத்திருந்துதான் காட்டினார், நான்தான் குரலை ஏற்றினேன். ரெண்டு இடது காலை யாராவது வாங்கிட்டுப் போவாங்களாம்மா, படிச்சவங்க நீங்களே இப்படி வந்து நிக்கலாமா என்று கேட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் கோபப்படவே இல்லை. கோவிச்சுக்காதீங்க, உள்ள போய் ஒரு தடவ பாருங்களேன், வலது கால் ரெண்டும் அங்கதான் இருக்கும் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அவ கை தவறாதும்மா, அவளச் சந்தேகப்பட்டு உள்ள போய்ப் பாக்குற பழக்கம் எனக்கில்ல என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். உன் அம்மா கையில் மெல்லிய தாளை வைத்துக்கொண்டு உள் அறை வாசலில் நின்றிருந்தாள். மருந்துக்கடை அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பெட்டியை மேஜையிலேயே வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். தோற்றுப் போனார் என்று நினைத்து நோட்டில் எழுதினேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பாடுகூட எனக்கு ருசியாக இருந்தது.

அதற்குப் பத்து நாள் கழித்து மாடிக் குழாய் உடைந்து உள் அறைச் சுவரில் தண்ணீர் இறங்கியது. உன் அம்மா உன் சித்தியோடு கண் டாக்டரிடம் போயிருந்தாள், நான் தனியாகப் பெட்டிகளை இந்தப் பக்கம் மாற்றிக்கொண்டிருந்தேன். ஏணிக்குப் பின்னால், நீ கல்லூரிக்குக் கொண்டுபோன அந்த நீலப் பெட்டி இருந்தது. அது அங்கே இருக்க வேண்டிய காரணமே இல்லை. தூக்கினால் கனம். திறந்தேன். ஒற்றைச் செருப்புகள். ஒவ்வொன்றையும் மெல்லிய தாளில் சுற்றி, ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு துண்டுச் சீட்டு, அவள் கையெழுத்தில். நீலக் குடை வைத்திருந்த அம்மா, மெரூன் கலர், எட்டு. சிரிக்கிற டாக்சிக்காரர், திரும்ப வந்தால் கொடுக்கணும். ஆபீஸ் பையன், கறுப்பு, பாவம் அவசரமாகப் போனார். முதல் சீட்டுகளில் கையெழுத்து அவள் எழுதுகிற மாதிரியே மணி மணியாக இருந்தது. போகப் போக வரி கீழே சரிந்தது, எழுத்து பாதியில் நின்றது. மருந்துக்கடை அம்மாவுடைய வலது கால் இரண்டும் ஒன்றாகச் சுற்றியிருந்தன, அதில் பெயர் நினைவு வரவில்லை என்று மட்டும் எழுதியிருந்தாள், எத்தனை வருஷம் பேசிப் பழகியவர். கடைசி ஒன்றில் சீட்டு இருந்தது, எழுத்தே இல்லை. நான் அந்த ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே யாரோ வந்து கடையில ஆள் இருக்கா என்று கூப்பிட்டார்கள், நான் சீட்டுகளை மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்ததும் கேட்டேன். திட்டிக் கேட்கவில்லை, இருந்தாலும் பெட்டியைப் பார்த்ததுமே அவள் ஓடிப்போய் மூடியைச் சாத்தப் பார்த்தாள். திரும்பி வருகிறவர்களிடம் நான் பார்க்காத நேரமாகக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று இருந்தாளாம், ஆனால் அவர்கள் வருகிற நேரமெல்லாம் நான் இருந்தேன், வாசலிலேயே விரட்டினேன். என்கிட்ட ஏன் சொல்லல என்று கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எல்லார் முன்னாடியும் அவ கை தவறாதுன்னு சொல்றீங்க. தவறிடுச்சுங்கன்னு நான் எப்படிங்க சொல்றது?" நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் பொய்யர் என்றேன். அதை ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கொண்டவள் அவள். வந்தவர்கள் ஒரு தடவை திட்டு வாங்கிப் போய்விட்டார்கள், இவள் பதினோரு தடவை வாங்கியிருக்கிறாள், தாளைச் சுற்றிக்கொண்டே.

டாக்டரிடம் போனோம். சின்னப் பெண்தான், உன் வயசு இருக்கும், பொறுமையாகப் பேசினார். எப்ப ஆரம்பிச்சது, எவ்வளவு வேகமா கூடுச்சு, ஞாபகம் இருக்கிற வரைக்கும் சொல்லுங்க என்றார். அப்போதுதான் உறைத்தது, நான் எப்போதும் கூடவே கொண்டுபோகும் பையில் அந்தக் கறுப்பு நோட்டு இருந்தது, எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முதலில் நிறம் மாறியது, பிறகு நம்பர் மாறியது, பிறகு வலதும் இடதும் மாறியது, எல்லாம் தேதியோடு. இவ்வளவு தெளிவா யாரும் கொண்டு வந்ததில்ல, கவனிச்சு எழுதியிருக்கீங்களே, யார் எழுதினது என்று கேட்டார். ஏமாத்துறவங்க லிஸ்ட் டாக்டர், நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே அழுதேன். உன் அப்பா ஒரு டாக்டர் முன்னால் அழுதான் என்று நீ நம்புவாயோ என்னவோ. அந்த நோட்டில் முதன்முதலாக நிறம் மாறிய பக்கத்துக்கு ஒரு மாதம் முன்னால்தான் நீ போன் செய்தாய், நான் தேதியைப் பார்த்துவிட்டேன். இதைத் திருப்ப மருந்து இல்லை, முன்னாடியே வந்திருந்தா அவங்க தெளிவா இருக்கும்போதே நிறைய பேசி முடிவு பண்ணியிருக்கலாம், இனிமே முக்கியமா அவங்கள பயப்பட விடாதீங்க என்றார். பயப்பட விடாதீங்க என்று என்னிடம் சொல்கிறார், பார்.

பலகையைக் கழற்றிவிட்டேன். நோட்டில் இருந்த நம்பர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்து, முடிந்தவர்கள் வீட்டுக்கு நானே ஜோடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்சிக்காரர் என்னை விட்டுக் கொடுக்காமல், எனக்கு ஒரு கால் கொஞ்சம் பெருசுதான் சார், ஏழும் எட்டும் சரியாத்தான் இருந்துச்சு என்று சிரித்தார். நீலக் குடைக்கார அம்மா கதவைத் திறக்கவே இல்லை, ஜன்னலிலிருந்தே வெச்சிட்டுப் போங்க என்றார், அதுவும் நியாயம்தான். மருந்துக்கடை அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டபோது அவர் ஒரு சீட்டுக்கு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து உறையில் போட்டுவிட்டுச் சொன்னார், நான் அன்னைக்கு அவங்க முகத்தப் பாத்தேன், என்னப் பாத்துப் பயப்படல, உங்களப் பாத்துப் பயந்தாங்க, அதான் பேசாம வந்துட்டேன் என்று. கொண்டுபோன ஜோடியை அவர் மேஜையில் வைத்துவிட்டு, அடுத்த ஆள் ஒதுங்கச் சொன்னபோது வெளியே வந்தேன்.

உன் உத்தியோகத்தைப் பற்றி நான் புத்தி சொல்லும் யோக்கியதையில் இல்லை, இருந்தாலும் அப்பன் வாய் சும்மா இருக்காது. உன் கைக்குக் கீழே ஆட்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அவர்களிடம் சொல்லு, வருகிறவர் பொய் சொல்கிறார் என்று மனசு சொன்னாலும் முதலில் எழுந்து உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லு. பொய்தான் என்று தெரிந்தால் அதையும் மெதுவாகவே சொல்லலாம், பக்கத்தில் யார் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. நீயும் நின்று நின்று வேலை செய்கிறாய், அடி தேய்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதே. நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே மாடிக் குழாயை மாற்றிவிட்டார்கள். உன் சித்தி மத்தியானங்களில் வந்து பெட்டி கட்டுகிறாள், இப்போது ஒரு ஜோடியையும் இரண்டு பேர் பார்த்த பிறகுதான் மூடுகிறோம். அம்மாவை வீட்டில் தனியாக விடக்கூடாதே, அதனால் கடைக்குத்தான் கூட்டி வருகிறேன், கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளை மடித்து வைப்பாள். மடிப்பு இன்னமும் அச்சு மாதிரி விழுகிறது.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். நம் கடையில் எதைக் கொண்டுபோனாலும் வாங்கிக்கொள்கிறார்கள், அந்தம்மாவுக்கு ஞாபகம் இல்லையாம் என்று பேச்சு பரவியிருக்கிறது போல. ஒரு ஆள் வந்தான், குதிகால் பாதி தேய்ந்து போன ஷூ, உங்க வீட்டம்மாதான் மாத்திக் குடுத்துட்டாங்க என்றான். அந்த மாதிரி ஷூ நம் கடைக்குள்ளேயே வந்ததில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. இருந்தாலும் எழுந்து உள்ளே போனேன், பார்த்தேன், திரும்பி வந்து அவன் தோளில் கை போட்டு வாசல் வரைக்கும் நடந்து, இது எங்க சரக்கு இல்ல, அது உங்களுக்கும் தெரியும், போயிட்டு வாங்க என்று அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். அவனும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். இந்தத் தடவை சரியாகச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு திரும்பினால், உன் அம்மா உள் அறைத் தட்டிலிருந்து ஏதோ ஒரு பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். அவரக் கூப்பிடுங்க, நான்தான் மாத்திக் குடுத்துட்டேன், பாவம் வெறுங்கையோட போறாரு என்று அழுகிறாள். நான் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இல்லம்மா, இது உன் தப்பு இல்ல, சத்தியமா இல்ல, நீ ஒண்ணுமே மாத்தல என்றேன். அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, வருத்தம்கூட இல்லை, பழகிப் போன ஒரு பார்வை. "நீங்க எப்பவும் அப்படித்தான் சொல்லுவீங்க" என்றாள்.

அதிலிருந்து யார் கடைக்குள் நுழைந்தாலும் அவள் எழுந்து நின்று மன்னிச்சுக்கோங்க என்கிறாள். செருப்பு வாங்கவே ஆரம்பிக்காதவர்களிடம்கூட. நானும் உன் சித்தியும் சொல்லிப் பார்த்துவிட்டோம். சித்தி என் பேச்சைத்தான் திருப்பிச் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரிகிறது. நீ சின்ன வயசிலிருந்து தப்பைத் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லுகிறவள், அது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது, அவ வரட்டும், அவ சரியாப் பாத்துச் சொல்லுவா என்று நேற்றுகூடச் சொன்னாள். எத்தனை நாளைக்கு அது நினைவிருக்கும் என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எல்லா நலமும் உங்கள் மூவருக்கும் கிடைக்கட்டும், குழந்தை கன்னத்தில் இரண்டு பேர் சார்பிலும் முத்தம் கொடு. மாப்பிள்ளையிடம் லீவு விஷயம் இன்றைக்கே பேசு. வரும்போது ஒன்று மட்டும் மறக்காதே, நான் யார் தெரியுதா என்று அவளிடம் கேட்டுவிடாதே, உன் பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே வா. வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா, அது உன் தப்பு இல்ல என்று சொல். நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள்.

உன் வரவுக்கு ஏங்கும்,
அப்பா